பயிற்சிக்குப் பின்வரும் ஓராண்டு

வேளாண்மைப் பயிற்சியைப் பற்றி நாம் எழுதிவைக்கும் கணக்குகள் பெரும்பாலும் பயிற்சி முடிகிற மாலையோடு முடிந்துபோகின்றன. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நாள் நடந்தது, எத்தனை சான்றிதழ் வழங்கப்பட்டது என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறுகிறது. அதற்கடுத்த ஓராண்டில் அந்த வீட்டுக் கொட்டிலில் என்ன நடந்தது என்பதை எழுத அங்கே இடம் இருப்பதில்லை. இன்று நான் முன்வைக்கப்போவது ஒரே ஒரு கருத்து. கிராமத்தை உயர்த்தும் வேளாண் கல்வி வகுப்பறையில் தொடங்கலாம். அது வேலை செய்வது அந்த ஓராண்டில்தான். விதைப்பிலிருந்து அறுவடை வரைக்கும், ஒரு பெட்டை ஆடு சினைப்பட்டு, ஈன்று, அந்தக் குட்டி விற்பனைக்குப் போகிற வரைக்கும், கற்பவர் பக்கத்தில் கற்பித்தவர் நிற்க வேண்டும். கற்றதைச் செய்துபார்க்க வேண்டிய பொருளும் கற்றவர் கைக்கு வந்துசேர வேண்டும். இவை இரண்டும் இல்லாத பயிற்சி, எத்தனை நல்ல ஆசிரியர் நடத்தினாலும், ஊரில் தங்குவதில்லை. இதற்குச் சான்று நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றிலேயே இருக்கிறது. தொலைநாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

இதைப் பேசுவதற்குப் பொத்தேரி பொருத்தமான இடம். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, மின்சார ரயில், பல்கலைக்கழகக் கட்டடங்கள், அடுக்குமாடி வீடுகள். அதை ஒட்டியே காட்டுப்பாக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆராய்ச்சி வளாகமும், வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கின்றன. ஆடு, மாடு, பன்றி, கோழி வளர்ப்பு, பசுந்தீவனச் சாகுபடி என்று உழவர்கள் வந்து கற்றுப்போகிற இடம் அது. படித்த இளைஞர்கள் பல்லாயிரம் பேர் நாள்தோறும் இறங்கி ஏறும் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே, ஆடு வளர்ப்பதை முறையாகச் சொல்லிக்கொடுக்கும் நிலையமும் இருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

இந்தியாவில் முறையான வேளாண் கல்வி தொடங்கியதும் இந்தப் பக்கத்தில்தான். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்த சைதாப்பேட்டையில் 1865-ல், ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், ஒரு சோதனைப் பண்ணை அமைக்கப்பட்டது. 1876-ல் அங்கேயே வேளாண் பள்ளி வந்தது. இங்கிலாந்திலிருந்து கருவிகள் தருவிக்கப்பட்டன. நீராவியால் இயங்கும் கலப்பைகூட வந்தது. புதிய பயிர்கள், புதிய எருக்கள், புதிய கலப்பைகள் எல்லாம் அரசுச் செலவில் சோதிக்கப்பட்டன. ஆனால் சுற்றுப்புற ஊர்களின் உழவு முறையில் அந்தப் பண்ணை விட்டுச்சென்ற தடம் மிகச் சிறியது. பண்ணையின் மண் மணற்பாங்கான ஏழை மண். அதில் கிடைத்த முடிவு பக்கத்து ஏரிப்பாசன நன்செய்க்கு உதவவில்லை. ஓர் இணை உழவு மாடும் ஒரு மரக்கலப்பையும் வைத்திருந்தவருக்கு அங்கே காட்டப்பட்ட கருவிகள் எட்டாதவை. படித்து வெளியே வந்தவர்கள் உழவுக்குத் திரும்பாமல் அரசு வேலையை நாடினார்கள் என்ற குறையும் அப்போதே எழுந்தது. 1906-ல் அந்தக் கல்வி கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். கோவை செய்த பணிகள் பெரியவை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சைதாப்பேட்டை ஏன் தன் ஊரில் வேர்விடவில்லை என்ற கேள்விக்கு இன்னும் முழுதாக விடை சொல்லாமலே நாம் மேலும் மேலும் பயிற்சிக்கூடங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கேள்விக்கு அக்காலத்திலேயே ஒருவர் விடை தேடினார். 1889-ல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வேளாண் வேதியியலர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், நாடு முழுக்கச் சுற்றி எழுதிய அறிக்கை 1893-ல் வெளிவந்தது. இந்திய உழவர் அறியாமையில் கிடக்கிறார் என்ற முடிவோடு வந்தவர்கள் பலர் இருந்த காலம் அது. வோல்க்கர் நேர்மாறான முடிவுக்கு வந்தார்: சராசரி இந்திய உழவர் சராசரி இங்கிலாந்து உழவருக்குக் குறைந்தவரல்லர், சில வகையில் மேலானவர், அவருக்குக் குறைவாக இருப்பவை நீரும் எருவும் போன்ற வசதிகள். சாணத்தை எரிக்கும் வழக்கத்தை அவர் எடுத்துக்கொண்ட விதம் இன்றும் படிக்கத் தக்கது. சாணம் நல்ல எரு என்பது உழவருக்குத் தெரியாது என்று மற்றவர்கள் எழுதினார்கள். தெரியும், ஆனால் அடுப்பெரிக்க விறகு இல்லை என்றார் வோல்க்கர். ஆகவே எருவின் அருமையைப் பாடமாக நடத்துவதை விட, ஊருக்கு அருகே விறகுக்கும் தீவனத்துக்குமான காடுகளை வளர்க்கச் சொன்னார். அறியாமையால் நடக்கும் தவறுக்கும் வழியில்லாமையால் நடக்கும் தவறுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டிவிட முடியாது. முதலாவதற்கு வகுப்பு போதும். இரண்டாவதற்கு வகுப்பு நடத்துவது, ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ஒருவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்துவதில் போய் முடியும்.

விடுதலைக்குப் பிறகு இந்தப் பாடத்தை நன்கு உணர்ந்து வடிவமைக்கப்பட்டவை வேளாண் அறிவியல் நிலையங்கள். மோகன்சிங் மேத்தா தலைமையில் 1973-ல் அமைந்த குழு வகுத்துத் தந்த திட்டத்தின்படி, நாட்டின் முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் 700-க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. செய்து கற்றல், செய்து காட்டிக் கற்பித்தல் என்பவையே அவற்றின் அடிப்படைக் கொள்கைகள். உழவரின் சொந்த நிலத்திலேயே சோதனை, அவர் நிலத்திலேயே முன்னிலைச் செயல்விளக்கம் என்று நடைமுறை வகுக்கப்பட்டது. சைதாப்பேட்டையின் பிழைக்கு இது நேரடியான மறுமொழி: பண்ணைக்கு உழவரை அழைப்பதை விட்டு, உழவர் நிலத்துக்கு அறிவியலர் போவது. கொள்கையில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் நடைமுறையின் எடை எங்கே விழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2003-ல் தன் 59-ஆவது சுற்றில் உழவர் குடும்பங்களின் நிலையை ஆராய்ந்தது. புதிய சாகுபடி முறைகள் பற்றி எங்கிருந்தாவது தகவல் பெற்றதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 40 பேர் மட்டுமே. அந்தத் தகவலும் எங்கிருந்து வந்தது? முன்னோடி உழவர்களிடமிருந்து 16.7 விழுக்காடு, உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடைக்காரரிடமிருந்து 13.1 விழுக்காடு. அரசின் விரிவாக்கப் பணியாளர் வழியே பெற்றவர்கள் 5.7 விழுக்காடு. வேளாண் அறிவியல் நிலையம் வழியே பெற்றவர்கள் 0.7 விழுக்காடு. அன்று நிலையங்கள் இன்றைக்கு இருப்பதைவிடக் குறைவு என்பதையும், ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரு நிலையத்தில் ஒரு சில அறிவியலர்களே இருக்கிறார்கள் என்பதையும் நியாயமாகக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் இந்தப் புள்ளிவிவரம் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. உழவர் நம்பிப் போகும் இரண்டு இடங்களும், அதாவது பக்கத்து வயல்காரரும் தெருமுனைக் கடைக்காரரும், பருவம் முழுக்க அவர் கண்ணெதிரே இருப்பவர்கள். பூச்சி விழுந்த அன்று காலையில் போய்க் கேட்க முடிகிறவர்கள். கடைக்காரர் மருந்தோடு சேர்த்து அதைக் கடனுக்கும் கொடுக்கிறார். அவர் சொல்லும் யோசனை எப்போதும் நல்லதல்ல. விற்பனைதான் அவர் நோக்கம். ஆனால் அவர் அங்கே இருக்கிறார். அருகில் இருப்பவரே ஆசிரியராகிறார் என்பது கற்பித்தலைப் பற்றிய அடிப்படையான உண்மை.

இதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. வாய்ப்பு இருந்தால் வேறு தொழிலுக்குப் போய்விடுவோம் என்று 40 விழுக்காட்டு உழவர்கள் சொன்னார்கள். இதைத் தனியே ஒரு துயரச் செய்தியாகத்தான் நாம் படித்துவருகிறோம். தகவல் எட்டியவர்களின் எண்ணையும் இந்த எண்ணையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பிராணிக்கு வருகிறேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளின் சொந்தச் செம்மறி இனம், ஆராய்ச்சி ஏடுகளில் மெட்ராஸ் ரெட் என்று எழுதப்படும் சென்னைச் சிவப்பு ஆடு. செந்நிற முடி, கம்பளி தராத உடல், இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர்பெற்றது. அறுவடை முடிந்த வயல், தண்ணீர் வற்றிய ஏரிப்படுகை, கரைப்புறம்போக்கு ஆகியவற்றில் மேய்ந்தே பெரும்பாலும் வளரும். இதை வளர்ப்பவர்களில் பலருக்கு நிலம் கொஞ்சம், அல்லது அறவே இல்லை. அவர்களிடம் ஆட்டைப் பற்றிய அறிவுக்குக் குறைவில்லை. எந்தப் புல் எந்த மாதத்தில் வயிற்றை ஊதவைக்கும், மழைக்குப் பின் தளிர்ப்புல்லில் விட்டால் துள்ளுமாரி வரும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் மந்தையின் தரத்தைக் கெடுக்கும் ஒரு செயலைத் தெரிந்தே செய்கிறார்கள். கையில் பணம் வேண்டிய நாளில் விலைபோவது வேகமாக வளர்ந்த கிடாக்குட்டி. அதை வியாபாரி முதலில் கேட்பார். அதுவே முதலில் விற்கப்படும். வளர்ச்சி குறைந்தது, விலைபோகாதது பட்டியில் தங்கி, பெரிதாகி, பொலிகிடாவாகிவிடும். அதுவும் அதே பட்டியில் பிறந்தது என்பதால் உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடந்து, குட்டிகளின் எடை தலைமுறைக்குத் தலைமுறை குறையும்.

இதை ஒரு நாள் வகுப்பில் படம் வரைந்து விளக்கலாம். கேட்பவர் தலையாட்டுவார், அடுத்த வாரம் பள்ளிக் கட்டணம் கட்ட நல்ல கிடாவையே விற்பார். வோல்க்கர் கண்ட சாணமும் இந்தக் கிடாவும் ஒரே வகைச் சிக்கல்தான். காட்டுப்பாக்கத்தில் இந்த இனத்துக்கென நடத்தப்படும் களப்பிரிவு இதற்கு வேறு வழியைக் கையாள்கிறது. தேர்ந்தெடுத்த பொலிகிடாக்களை ஆடு வளர்ப்போரின் மந்தைகளுக்கே கொண்டுபோய் விடுவது. அங்கே பிறக்கும் குட்டிகளுக்கு அடையாளம் இட்டு, அவ்வப்போது எடை பார்த்துக் குறிப்பது. தடுப்பூசி, குடற்புழு நீக்கம் என்று தொடர்ந்து வந்துபோவது. ஆராய்ச்சியின் நோக்கில் அது இன மேம்பாட்டுத் திட்டம். நான் அதை ஒரு பள்ளிக்கூடமாகப் பார்க்கிறேன், அதுவும் இந்த மாவட்டத்தில் இருப்பவற்றுள் மிகச் சிறந்த ஒன்றாக. ஒரு குட்டியின் எடையை மூன்றாம் மாதம் ஒருமுறையும் ஆறாம் மாதம் ஒருமுறையும் தன் பட்டியிலேயே தராசில் பார்த்தவருக்கு, நல்ல கிடாவின் குட்டி எவ்வளவு கூடுதலாக நிற்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல கிடா அவருடைய சொந்தச் செலவில்லாமல் மந்தைக்குள் இருப்பதால், வளர்ந்த குட்டியை விற்றாலும் மந்தை கெடாது. பாடமும் பொருளும் துணையும் ஒரே நேரத்தில் அவரிடம் சேர்கின்றன.

இது நம் ஊர் அனுபவம் மட்டுமல்ல. மிக வறிய குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் தரும் திட்டம் ஒன்றை வங்காளதேசத்தின் பிராக் அமைப்பு 2002-ல் தொடங்கியது. ஆடு, மாடு, கோழி போன்ற ஒரு சொத்து, அதை வளர்க்கப் பயிற்சி, முதல் சில மாதங்களுக்கு உணவுச் செலவுக்குச் சிறு தொகை, சேமிப்பு, இரண்டு ஆண்டு வரை வீடு தேடி வரும் ஒரு களப்பணியாளர். இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,000-க்கு மேற்பட்டோரிடம் சோதித்த முடிவுகள் 2015-ல் சயின்ஸ் இதழில் வெளிவந்தன. திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் அந்தக் குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் வருமானமும் உயர்ந்தே இருந்தன. இந்தியாவில், மேற்கு வங்கத்தில் நடந்த சோதனையில் பலன் செலவைப்போல நான்கு மடங்குக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. ஹோண்டுராஸ் மட்டும் தோற்றது; அங்கே கொடுக்கப்பட்ட கோழிகளில் பெரும்பகுதி நோயில் செத்துப்போயின. உள்ளூர்ச் சூழலுக்குப் பழகாத உயர்ரகக் கோழி. கால்நடை மருத்துவத்தின் இடம் என்ன என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டாம். கானாவில் சில குடும்பங்களுக்கு மற்ற எதுவும் இல்லாமல் ஆடுகள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் நிலையான பயன் ஏதும் காணப்படவில்லை.

அந்தக் கானா முடிவு நம்மை நேராகத் தொடுவது. 2011-ல் தமிழ்நாடு அரசு வறிய கிராமக் குடும்பங்களுக்கு விலையில்லாமல் நான்கு ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டில் ஏழு லட்சம் குடும்பங்கள் என்பது இலக்கு. நிலமற்ற பெண்களை முன்னிறுத்திய அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். இந்தியாவில் ஒரு மாநிலம் சொத்தையே ஏழையின் கையில் கொடுக்கத் துணிந்த அரிய முயற்சிகளுள் அது ஒன்று. ஆனால் சொத்தைக் கொடுக்கும் துறையின் கணக்கு ஒன்றாகவும், பயிற்சி நடத்தும் நிலையத்தின் கணக்கு வேறொன்றாகவும் இருக்கும்வரை இரண்டும் பாதி வேலையே செய்யும். ஆடு பெற்றவரும் பயிற்சி பெற்றவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். அவரை ஓராண்டு பின்தொடரும் பணியாளர் ஒருவராக இருக்க வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு செலவு பற்றியது. எளிதில் தள்ளிவிடக் கூடிய மறுப்பல்ல இது. உழவரைத் தேடிப் போகும் முறையை நாம் முன்பே செய்துபார்த்திருக்கிறோம். டேனியல் பெனோர் வகுத்து, உலக வங்கி நிதி தந்த பயிற்சியும் பார்வையும் என்ற முறை எழுபதுகளின் நடுவிலிருந்து இந்திய மாநிலங்களில் நடந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை களப்பணியாளர் தொடர்பு உழவர்களைப் பார்க்க வேண்டும். வெளிநிதி நின்றதும் சம்பளம் கொடுக்க வழியின்றி அந்த முறை தளர்ந்தது. இந்தோனேசியாவில் 1989-ல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி இன்னொரு சான்று. இருபத்தைந்து முப்பது உழவர்கள் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒருமுறை வயலில் கூடிப் பூச்சிகளை எண்ணிப் படம் வரைந்து முடிவெடுக்கக் கற்றார்கள். நான் வேண்டுகிற முறைக்கு மிக நெருங்கியது அதுதான். ஆனால் ஃபெடர், முர்காய், குய்சோன் ஆகியோர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், அங்கே படித்தவர்களின் விளைச்சல் கூடியதற்கும் பூச்சிமருந்துச் செலவு குறைந்ததற்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. கற்றவை பக்கத்து உழவர்களுக்குப் பரவியதற்கும் சான்றில்லை. பருவம் முழுக்க நின்றும் பயனில்லையென்றால் என் வாதம் எங்கே நிற்கிறது?

இரண்டு தோல்விகளையும் உற்றுப்பார்த்தால் அவை என் வாதத்தின் மறுபாதியை நிறுவுகின்றன. பெனோர் முறையில் பணியாளர் வந்தார். ஆனால் மேலிருந்து கொடுத்துவிட்ட ஒரே செய்தியை மட்டும் சுமந்து வந்தார், பொருளோ கடனோ அவர் கையில் இல்லை. இந்தோனேசியப் பள்ளிகள் தொடக்கத்தில் சில இடங்களில் மிக நன்றாக நடந்தவை. சில ஆண்டுகளுக்குள் பத்து லட்சம் உழவர் என்ற அளவுக்கு விரித்தபோது பயிற்றுநரின் தரம் கீழே வந்தது, நடத்திய பள்ளிகளின் எண்ணிக்கையே இலக்கானது. உடன் நிற்பது என்பது வருகைப் பதிவேட்டில் நிற்பதாக மாறினால் அதிலும் பயனில்லை. ஆகவே பரவலாக விரிப்பதற்கு முன் சிறிதாகச் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். காட்டாங்கொளத்தூர், திருக்கழுக்குன்றம் ஒன்றியங்களில் சில நூறு மந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை ஓராண்டு முழுமையாகத் தொடரலாம். செலவைப் பொறுத்தவரை, நூறு பேருக்கு மூன்று நாள் பயிற்சி என்று பத்து முறை நடத்தும் பணத்தில் எத்தனை மந்தைகளை ஓராண்டு தொடர முடியும் என்று ஒரு நிலையம் தன் கணக்கைத் தானே போட்டுப்பார்க்கலாம். செலவு கூடும் என்பதைவிட, பயனாளி எண்ணிக்கை குறையும் என்பதே பெரும்பாலும் உண்மையான தயக்கம். அறிக்கையில் ஆயிரம் என்று எழுதிய இடத்தில் நூறு என்று எழுத நிர்வாகம் துணிய வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கைப்பேசி. தமிழ்நாடு அரசின் உழவன் செயலி 2018-ல் வந்தது. ஆடு வளர்ப்பு, கோழி வளர்ப்பு பற்றி யூடியூபில் தமிழிலேயே கணக்கற்ற காணொளிகள் இருக்கின்றன. ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள். தெளிவான கேள்வி உள்ளவருக்குக் கைப்பேசி நல்ல விடை தரும்; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காணொளிகளில் ஒரு பெரும்பகுதி வெற்றிக்கதைகள். பரண் அமைத்து ஆடு வளர்த்து லட்சக்கணக்கில் வருமானம் என்ற தலைப்பைப் பார்த்து, கடன் வாங்கிக் கொட்டகையில் பெருந்தொகையைப் போட்டுவிட்டு, தீவனப்புல்லுக்கு நிலமும் நீரும் இல்லாமல் அடர்தீவனத்தை விலைக்கு வாங்கத் தொடங்கினால் அந்தக் கணக்கு ஒருபோதும் நேராகாது. கோ-4 புல்லும் வேலிமசாலும் அகத்தியும் முதலில், ஆடு பிறகு, கொட்டகை கடைசியில். இந்த வரிசையைத் திரையில் பார்த்து ஒருவர் ஒப்புக்கொள்ளலாம். அவர் வீட்டுக்கு வந்து கிணற்றையும் நிலத்தையும் பார்த்து, இத்தனை ஆடுதான் உங்களுக்குத் தாங்கும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். டிஜிட்டல் கிரீன் அமைப்பின் அனுபவமும் இதை ஒட்டியே இருக்கிறது: உள்ளூர் உழவரையே நடிக்கவைத்து எடுத்த படத்தை ஊரில் குழுவாகக் காட்டி, நடுவில் நிறுத்திப் பேசவைக்கும் ஒருவர் இருந்தபோதுதான் படம் பலன் தந்தது.

மூன்றாவது மறுப்பைப் பொத்தேரியில் நின்றுகொண்டு தவிர்க்க முடியாது. நிலமே மனையாகிக்கொண்டிருக்கும் பகுதியில் வேளாண் பயிற்சி யாருக்கு? மறைமலைநகர்த் தொழிற்சாலைகள், மகிந்திரா சிட்டி, கல்லூரிகள், அவற்றைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகள் என்று இந்தச் சாலையோரத்தின் மாற்றம் திரும்பி வராதது. நிலத்தை விற்றவருக்கு உழவுப் பயிற்சி வேண்டாம் என்பது சரி. ஆனால் விற்க நிலம் இல்லாதவர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நிலத்தைவிடக் கால்நடை ஏழைகளிடையே பரவலாகப் பகிரப்பட்ட சொத்து. நகரம் நெருங்க நெருங்க பாலுக்கும் இறைச்சிக்கும் முட்டைக்கும் கீரைக்கும் தேவை கூடுகிறது. மேய்ச்சல் இடம் குறைகிறது. கல் நட்டு வீடு எழாமல் கிடக்கும் மனைகளில் ஆடு மேய்வதை இந்தப் பக்கம் போகும் எல்லோரும் பார்க்கலாம். அது சில ஆண்டுக்கான புல். அதன் பிறகு கொட்டில் முறைக்கு மாற வேண்டியவர்களுக்குத் தீவனக் கணக்கைக் கற்றுத்தருவது இன்றைய தேவை. நகரமாகும் மாவட்டத்துக்கு வேளாண் பயிற்சி வேறு வகையாக வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் முடிவு.

விலை சரியில்லாதபோது பயிற்சி எதற்கு என்போரும் உண்டு. அவர்கள் சொல்வதில் பெரும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் விற்பனையும் பாடத்துக்குள் வர வேண்டும் என்கிறேன். நம் ஊர்களில் ஆடு இன்றும் பெரும்பாலும் கண்மதிப்பில் விலைபோகிறது. நாள்தோறும் நூறு ஆட்டைப் பார்க்கும் வியாபாரியின் கண்ணும், ஆண்டுக்கு ஐந்து ஆடு விற்பவரின் கண்ணும் சமமல்ல. உயிர் எடைக்கு விலை என்ற பழக்கம் வந்தால் அந்த இடைவெளி குறையும். அதற்கு வேண்டியது தொங்கு தராசு ஒன்றும், அதைப் பயன்படுத்தி எழுதிவைக்கத் தெரிந்த ஒருவரும்.

பயிற்சிக்கு யார் அழைக்கப்படுகிறார்கள் என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. உழவர் என்றால் பட்டா வைத்திருப்பவர் என்று பதிவேடு எண்ணுகிறது. நாட்டின் நில உடைமைகளில் பெண்கள் பெயரில் இருப்பவை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 14 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. கிராமத்தில் வேலை செய்யும் பெண்களிலோ ஏறத்தாழ நான்கில் மூவர் வேளாண்மையில் இருக்கிறார்கள். காலையில் சாணம் அள்ளி, பால் கறந்து, புல் அறுத்து, குட்டிக்கு மருந்தூட்டுபவர் ஒருவர்; வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர் அவர் கணவர். பயிற்சி காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடிகிறது. மாலைக் கறவைப் பாலைச் சங்கத்தில் ஊற்ற வேண்டியவர் மூன்று மணிக்கே வீட்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் கூலியையும் இழக்க வேண்டும். இவ்வளவு எளிய தடையை நீக்கப் பெரிய நிதி வேண்டாம். வகுப்பை ஊருக்குள் கொண்டுபோய், இரண்டு கறவைக்கு இடையே வைத்தால் போதும். அழைப்பிதழில் பட்டா எண்ணைக் கேட்காமல், ஆட்டைக் கட்டி அவிழ்ப்பவர் யார் என்று கேட்க வேண்டும்.

அறிவோடு வழியும் துணையும் சேர வேண்டும் என்ற உண்மை, கடற்கரைப் பக்கம் போனால் வேறு உருவில் தெரிகிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இருளர் பழங்குடியினரின் வாழ்வாதாரத்தை அடைத்தன. அவர்களுக்குப் பாம்பு பிடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1978-ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், அவர்கள் அறிவுக்கு உரிமத்தையும் சந்தையையும் இணைத்தது. பிடித்த பாம்பிலிருந்து நஞ்சை எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சு நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருளாகிறது. அந்த மரபில் வந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஏட்டுக்கல்வி பெற்றவர்களே அவர்களிடம் கற்கும் நிலை வந்தது. இன்னும் சற்று வடக்கே முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையத்தின் ஆய்வுக்களம். கொடுவா மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்து 1997-ல் அங்கே வெற்றி கண்டார்கள். பொரித்த குஞ்சை விரலளவு வளர்ப்பது வலைத்தொட்டிகளில் நடக்கும் வேலை. கொடுவா தன்னைவிடச் சிறிய தன் இனத்தையே விழுங்கும். ஆகவே சில நாளுக்கு ஒருமுறை அளவு பார்த்துப் பெரிதையும் சிறிதையும் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் தொட்டியில் பாதி போய்விடும். எப்போது பிரிப்பது என்பதைச் சொற்களால் முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஒரு வளர்ப்புக் காலம் முழுக்கத் தெரிந்தவர் ஒருவரோடு தொட்டியோரம் நின்றவர்க்கே அது பிடிபடும்.

இதெல்லாம் நம் வேளாண், கால்நடைக் கல்லூரிகளுக்கு என்ன சொல்கிறது? வேளாண் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் மாணவர்கள் சில மாதங்கள் ஊரில் தங்கிக் கற்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அது மாணவருக்கான பயிற்சியாகவே எண்ணப்படுகிறது, ஊருக்கான சேவையாக எண்ணப்படுவதில்லை. ஒரு குழு போன பிறகு அதே ஊருக்கு அடுத்த குழு வர வேண்டும், முந்தைய குழு எழுதிவைத்த மந்தைக் குறிப்பேட்டிலிருந்து தொடங்க வேண்டும். இந்த மாவட்டத்தில் காட்டுப்பாக்கத்துக்கு வரும் மாணவர்களும், மதுராந்தகம் பக்கம் பாபுராயன்பேட்டையில் படிக்கும் வேளாண் மாணவர்களும் ஒரே ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டால், எந்த ஊரும் ஓராண்டின் எந்த மாதத்திலும் ஆளில்லாமல் இருக்காது. அவர்களோடு ஊரிலிருந்தே படித்த பெண் ஒருவரை, மகளிர் சுய உதவிக் குழுவின் வழியே தேர்ந்தெடுத்து, மாதச் சம்பளத்தோடு வழிகாட்டியாக அமர்த்த வேண்டும். மாணவர் மாறலாம், அவர் மாறக் கூடாது. தடுப்பூசி நாளைச் சொல்வதும், எடை பார்ப்பதும், கிடா மாற்ற வேண்டிய காலத்தை நினைவூட்டுவதும், சந்தேகம் வந்தால் காட்டுப்பாக்கத்து மருத்துவரைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்பதும் அவர் வேலை. அவர் சம்பளம் பயிற்சி நிதியிலிருந்தே வரட்டும். சான்றிதழையும் பயிற்சி முடிந்த மாலையில் கொடுக்க வேண்டாம். முதல் குட்டி எடை போடப்பட்டு, உயிர் எடைக்கு விற்கப்பட்டு, அந்த விலை குறிப்பேட்டில் ஏறிய பிறகு, ஆட்டை வளர்த்தவர் பெயரிலேயே அது எழுதப்படட்டும்.